சட்டத்துக்குக் கீழ்ப்படிவதுதான் முதல் கடமையா?

பாடசாலை விவாதப் போட்டிகளில் இது பழைய தலைப்பு. ‘ஆம்’ என்கிற அணி வீதி விபத்தைச் சொல்லும், ‘இல்லை’ என்கிற அணி காந்தியைச் சொல்லும், நடுவர் இருபக்கமும் தலையாட்டிவிட்டுப் புள்ளி போடுவார். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் தெளிந்திருக்காது. காரணம் எளிது. தலைப்பில் இருக்கும் ‘சட்டம்’, ‘கீழ்ப்படிதல்’, ‘முதல்’ என்ற மூன்று சொற்களையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. குடியியல் பாடத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக அவற்றைப் பிரித்துப் பார்ப்போம். உதாரணங்கள் பெரும்பாலும் திருகோணமலையைச் சுற்றியே இருக்கும்.

முதலில், நம் நாட்டின் அரசியலமைப்பு என்ன சொல்கிறது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை, இலங்கையில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆறு கடமைகளைச் சொல்கிறது. அரசியலமைப்பையும் சட்டத்தையும் போற்றிக் காப்பது, தேசிய நலனையும் ஒற்றுமையையும் வளர்ப்பது, தேர்ந்த தொழிலை மனச்சாட்சியோடு செய்வது, பொதுச் சொத்தைப் பேணி அதன் வீண்விரயத்தை எதிர்ப்பது, மற்றவர்களின் உரிமைகளை மதிப்பது, இயற்கையைப் பாதுகாப்பது. சட்டம் முதலாவதாக நிற்கிறது, உண்மைதான். ஆனால் அங்கே இருப்பது ‘கீழ்ப்படி’ என்ற சொல் அல்ல. ‘போற்றிக் காத்தல்’ என்பது அதைவிட அகலமானது. நான் சட்டத்துக்குள் நிற்பதோடு, எனக்கு மேலே அதிகாரத்தில் இருப்பவரும் சட்டத்துக்குள் நிற்கிறாரா என்று கேட்பதும் அதில் அடங்கும்.

அடுத்த உறுப்புரையை யாரும் மேடையில் சொல்வதில்லை. இந்தக் கடமைகளை எந்த நீதிமன்றத்தின் மூலமும் வலியுறுத்த முடியாது என்கிறது 29ஆம் உறுப்புரை. ‘நீ உன் அடிப்படைக் கடமையைச் செய்யவில்லை’ என்று ஒருவர் மேல் வழக்குப் போட இயலாது. நம்மைத் தண்டிக்கக்கூடிய கடமைகள் எல்லாம் தனித்தனிச் சட்டங்களிலிருந்து வருகின்றன: மோட்டார் வாகனச் சட்டம், கடற்றொழில் சட்டம், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை என்று. அதனால் ‘சட்டக் கடமை’ வேறு, ‘தார்மிகக் கடமை’ வேறு. மீறினால் தண்டம் விழும் என்பது முதலாவது. மீறினால் பிழை செய்தவர் ஆகிறோம் என்பது இரண்டாவது. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே நடக்கும். பிரியும் இடத்தில்தான் நம் கேள்வி பிறக்கிறது.

எது சட்டம், எது வெறும் உத்தரவு?

தொடக்கநிலை மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. படிக்கட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் அரசியலமைப்பு. அதற்குக் கீழே பாராளுமன்றம் இயற்றிய சட்டங்கள். ஆங்கிலேயர் காலத்தவை ‘கட்டளைச் சட்டம்’ என்ற பெயரோடு இன்னும் இருக்கின்றன. அதற்கும் கீழே, அந்தச் சட்டங்கள் தந்த அதிகாரத்தின் பேரில் அமைச்சர்கள் ஆக்கி வர்த்தமானியில் (அரச இதழில்) வெளியிடும் ஒழுங்குவிதிகள். பிறகு உள்ளூராட்சி மன்றங்களின் துணைவிதிகள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் தனக்கு மேலே உள்ளதிலிருந்து அதிகாரம் பெற வேண்டும். பெறாவிட்டால் அது காற்றில் நிற்கிறது.

சுற்றறிக்கை இந்தப் படிக்கட்டில் சேராது. அது ஒரு திணைக்களம் தன் உத்தியோகத்தர்களுக்குச் சொல்லும் அறிவுறுத்தல். கந்தோர் ஜன்னலில் நிற்கும் பொதுமகனை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ‘மேலிடத்து உத்தரவு’ என்று வாயால் சொல்லப்படுவதோ அதிலும் கீழே. அப்படிச் சொன்னால், எந்தச் சட்டம், எந்த வர்த்தமானி என்று பணிவாகக் கேட்பது அடங்காமை ஆகாது. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அதையே எழுத்திலும் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும்.

உத்தரவும் சட்டமும் ஒன்றல்ல என்பதற்கு இந்த நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. 1937இல் பிரேஸ்கேர்டில் என்ற ஆஸ்திரேலியத் தோட்ட உத்தியோகத்தரை, தொழிலாளர் பக்கம் பேசியதற்காக நாட்டைவிட்டு வெளியேறும்படி ஆங்கிலேய ஆள்பதி (ஆளுநர்) கட்டளையிட்டார். அவர் போகவில்லை, தலைமறைவானார், பிடிபட்டார். ஆட்கொணர் மனுவை விசாரித்த உயர் நீதிமன்றம், அந்த நிலைமையில் அப்படிக் கட்டளையிட ஆள்பதிக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லி அவரை விடுவித்தது. ஆள்பதியின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தும் அது சட்டம் ஆகவில்லை. அவர் மீறியது ஒரு கட்டளையை மட்டுமே.

மொழி பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. நம் சட்டங்கள் தமிழிலும் வெளியாகின்றன. ஆனால் அநேகமாக ஒவ்வொரு சட்டத்தின் கடைசிப் பிரிவிலும், சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று எழுதியிருக்கும். அதேநேரம் ‘சட்டம் தெரியாது’ என்பதைத் தண்டனைச் சட்டக்கோவை சாக்காக ஏற்காது. தமிழ் உரையை மட்டும் படித்து நடக்கிறவரும் முழுப் பொறுப்பையும் சுமக்கிறார் என்பது கொஞ்சம் நெருடுகிற ஏற்பாடுதான்.

ஏன் கீழ்ப்படிய வேண்டும்?

‘தண்டம் விழும்’ என்பது காரணம் அல்ல, பயம். பொலிஸ் நிற்காத இடத்தில் அது வேலை செய்யாது. ‘இந்த நாட்டில் இருக்கிறாய், ஆகவே சம்மதித்துவிட்டாய்’ என்ற வாதம் சோக்ரடீஸ் காலத்தது. சாவுத் தண்டனை பெற்ற அவர், தப்பி ஓட வழியிருந்தும் கி.மு. 399இல் ஏதென்ஸ் சிறையிலேயே நஞ்சருந்தினார். ஆனால் பிறந்த ஊரில் இருப்பது சம்மதம் என்றால், போக வேறிடம் இல்லாதவனின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு? இந்த வாதத்தை அதிகம் நம்ப வேண்டியதில்லை.

வலுவான காரணம் கடற்கரையில் இருக்கிறது. தங்கூசி வலை தடைசெய்யப்பட்டது. ஒற்றை நைலோன் இழையால் பின்னியது, தண்ணீரில் மீனின் கண்ணுக்கே தெரியாது, அதனால் பிடிபாடு அதிகம். பிரச்சினை அது அறுந்து போகும்போது தொடங்குகிறது. பருத்தி நூல் என்றால் உக்கிவிடும். இது உக்காமல் கடலடிப் பாறையில் சிக்கிக் கிடந்து, கரைக்கு ஒருபோதும் வராத மீனைத் தொடர்ந்து கொன்றுகொண்டே இருக்கும். வெடி வைத்துப் பிடிப்பது அதிலும் மோசம். அதிர்ச்சியில் மீனின் காற்றுப்பை கிழிகிறது. செத்த மீன்களில் ஒரு பகுதிதான் மிதக்கும், மிச்சம் அடியில் போய்விடும். வெடித்த இடத்துப் பவளப்பாறை நொருங்கிவிட்டால் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் எடுக்கும். அடிமட்டத்தை வழித்துவரும் இழுவைமடியை 2017ஆம் ஆண்டு 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தடைசெய்ததும் இதே மாதிரியான காரணத்தால்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நூறு வள்ளம் போகும் கடலில் தொண்ணூற்றொன்பது பேர் விதியைக் காக்கிறார்கள், ஒருவர் மட்டும் தங்கூசி போடுகிறார். அவருக்கு அன்று நல்ல பிடிபாடு. அது எங்கிருந்து வந்தது? மற்றவர்கள் பிடிக்காமல் விட்ட மீனிலிருந்து. எல்லோரும் அவரைப் போலவே செய்திருந்தால் அவருக்கே ஒன்றும் மிஞ்சியிராது. அடுத்தவரின் கட்டுப்பாட்டில் இலாபம் எடுத்துக்கொண்டு, தன் பங்குக் கட்டுப்பாட்டை மட்டும் செலுத்தாமல் விடுகிறார். மெய்யியலில் இதை ‘நியாயமான பங்களிப்பு’ வாதம் என்று சொல்லலாம். கரைவலை இழுக்கிறவர்களுக்கு விளக்கமே வேண்டாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இழுக்காமல் நடப்பவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இதிலிருந்து ஒரு முடிவு வருகிறது: கீழ்ப்படியும் கடமை நமக்கு அரசின் மேல் இருப்பதல்ல, அயலவர் மேல் இருப்பது. அடுத்த வள்ளத்துக்காரருக்கும், வீதியில் எதிரே வருகிறவருக்கும் நாம் தர வேண்டியது. இப்படி வைத்துப் பார்த்தால் பல முடிச்சுகள் அவிழும்.

ஹெல்மட்டை எடுங்கள். கைமுட்டியில் மாட்டிக்கொண்டு வந்து, அனுராதபுரச் சந்தி நெருங்கும்போது தலையில் கவிழ்த்துபவர்கள் உண்டு. வார்ப்பட்டியைப் பூட்டுவதில்லை. பூட்டாத ஹெல்மட் முதல் மோதலிலேயே கழன்று பறந்துவிடும். தலை வீதியில் அடிபடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். இவர் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தாரா? பார்வைக்கு ஆம். சட்டம் எதற்காக வந்ததோ அதற்கு இல்லை.

சோற்றுப் பொதி சுற்றும் மெல்லிய பொலித்தீன் தாளான லஞ்ச் சீற் இதற்கு நேர்மாறு. 2017இல் தடைசெய்த பொருள், பிறகும் கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. அமுல்படுத்தப்படாத சட்டம் நம்மைக் கட்டுமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத்திலும் திரியும் மான்கள் குப்பையோடு பொலித்தீனையும் தின்கின்றன. அது சமிக்காமல் இரைப்பையை அடைத்துக்கொள்கிறது. சட்டப் புத்தகத்தை மூடி வைத்தாலும் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் சோற்றுப் பொதியின் தாளை எறிவது பிழைதான். பரிசோதகர் வராததால் அந்தப் பிழை சரியாகிவிடாது. இப்படித் தன்னிலேயே பிழையானவை ஒரு வகை. இடப்பக்கம் வாகனம் ஓட்டுவது போல, சட்டம் சொன்னதால் மட்டும் கடமையானவை இன்னொரு வகை. இரண்டாவது வகையில் எந்தப் பக்கம் என்பது முக்கியமல்ல, எல்லோரும் ஒரே பக்கம் என்பதே முக்கியம். அங்கே ‘நான் யோசித்து முடிவெடுக்கிறேன்’ என்று தனி நியாயம் பேசுகிறவர் மற்றவர்களுக்கு ஆபத்து.

அப்படியானால் மீறவே கூடாதா?

சட்டமே அயலவருக்குக் கேடு செய்யும்போது அந்தக் கடமையின் அடித்தளம் ஆடுகிறது. 1956ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழி ஆக்கியது. பாராளுமன்றத்தில் முறைப்படி நிறைவேறிய சட்டம். அதை எதிர்கொண்ட இரண்டு வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) வாசலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் திருகோணமலைக் கச்சேரி உட்பட வடக்குக் கிழக்கு எங்கும் பரவியது. ஏப்ரல் 14 அன்று தமிழரசுக் கட்சி தானே ஒரு தபால் சேவையைத் தொடங்கி முத்திரையும் விற்றது. தபால் சட்டத்தை வேண்டுமென்றே, பகல் வெளிச்சத்தில், பெயரைச் சொல்லி மீறினார்கள். சில நாட்களில் அவசரகால நிலை வந்தது, தலைவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். 1930இல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியவர்களும் இதே முறையில்தான் நடந்தார்கள்: ஒளிக்கவில்லை, அடிக்கவில்லை, தண்டனைக்குப் பயந்து ஓடவில்லை. இந்த மூன்றும் இருந்தால்தான் அது சட்டமறுப்பு. பொலிசைக் கண்டு பின் ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளைத் திருப்புவது சத்தியாக்கிரகம் அல்ல, அது வெறும் தப்பித்தல். சட்டமறுப்புச் செய்கிறவர் ஒரு சட்டத்தை மீறும்போதும் சட்டம் என்ற ஏற்பாட்டை மதிக்கிறார். தண்டனையை ஏற்பது அதற்கு அடையாளம்.

மற்ற வழி கோடீஸ்வரனுடையது. அரச எழுதுவினைஞரான அவர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். ஒரு திறைசேரிச் சுற்றறிக்கையின் பேரில் சம்பள உயர்ச்சி நிறுத்தப்பட்டது. அவர் நீதிமன்றம் போனார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு (அதாவது அரசுக்கு) எதிராக வழக்கிடவே முடியாது என்று அதை மாற்றியது. 1969இல், அன்று நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த கோமறைக் கழகம், வழக்கிட முடியும் என்று சொல்லி, அசல் கேள்வியை இங்கேயே திருப்பி அனுப்பியது. அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணா என்ற அசல் கேள்விக்குப் பதில் கடைசிவரை வரவே இல்லை. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்து, வழக்கு ஊன்றி நின்ற, ஓர் இனத்துக்குப் பாரபட்சமான சட்டங்களைத் தடுத்த பழைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவையே இல்லாமல் செய்தது. ஆகவே ‘நீதிமன்றம் போ’ என்பது எப்போதும் கைகொடுக்கும் மருந்தல்ல. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் ஏறியது 1987இல், 13ஆம் திருத்தத்தில்.

இன்றைய அமைப்பிலும் ஒரு இறுக்கம் இருக்கிறது. பாராளுமன்றம் நிறைவேற்றிச் சபாநாயகர் சான்றுப்படுத்திவிட்ட சட்டத்தை, அரசியலமைப்புக்கு முரண் என்று எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது (80ஆம் உறுப்புரை). சட்டமூலமாக இருக்கும்போது, மிகச் சில நாட்களுக்குள் மட்டுமே உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். 1978க்கு முந்திய பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு ஒவ்வாவிட்டாலும் செல்லும் என்று 16ஆம் உறுப்புரை சொல்கிறது. அநீதியான சட்டத்தைக் கழற்ற இவ்வளவு குறைவான வழி வைத்திருக்கும் நாட்டில், ‘கீழ்ப்படிதலே முதல் கடமை’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில் நமக்குத் தயக்கம் உண்டு.

கடமைக்கு மறுபக்கமும் இருக்க வேண்டும். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகே இருந்த ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சான்று இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். சாட்சிகள் பலர் அதற்குள் நாட்டைவிட்டே போயிருந்தார்கள். சட்டம் குடிமகனிடம் கேட்கும் கீழ்ப்படிவுக்கு ஈடாக, அவன் உயிருக்குப் பொறுப்பேற்கிறது என்பதுதான் உடன்பாடு. ஒரு பக்கம் தன் பங்கைச் செய்யாத இடத்தில், மற்றப் பக்கம் மட்டும் தன் கடமையை ‘முதலாவது’ என்று எண்ண வேண்டும் என எதிர்பார்ப்பது கடினம். இவ்வூர் மரபுக் கதைப்படி கோணேசர் கோயில் திருப்பணி செய்த குளக்கோட்டன், மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதி கண்ட சோழனின் வழியில் வந்தவன். ஆள்பவனும் சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்ற எண்ணம் இங்கே புதிதல்ல.

நடைமுறையில்

சாதாரண நாட்களில் இந்தப் பெரிய கேள்விகள் வராது. வருவது தண்டச் சீட்டு. வீதிக் குற்றத்துக்குப் பொலிஸ் அந்த இடத்திலேயே எழுதித் தரும் சீட்டை வைத்துத் தபால் கந்தோரில் 14 நாட்களுக்குள் பணம் கட்டலாம். 14 தாண்டி 28க்குள் என்றால் இரட்டிப்பு. அதற்கும் பிந்தினால் நீதவான் நீதிமன்றம். சாரதி அனுமதிப்பத்திரத்தைத் திரும்பப் பெறப் பற்றுச்சீட்டைப் பொலிசில் காட்ட வேண்டும் என்பதால் அதைத் தொலைத்தவர்கள்தான் அலைகிறார்கள். குற்றம் செய்யவில்லை என்று நினைத்தால் கட்டாமல் நீதிமன்றத்தில் வாதாடலாம், அதுவும் சட்டத்துக்குள்தான். பொலிசின் கையில் பணத்தை வைத்து அமுக்குவது மட்டும் எதிலும் சேராது. இலஞ்சம் வாங்குவதைப் போலவே கொடுப்பதும் குற்றம்.

கைது என்றால் கைகலப்பு வேண்டாம், உத்தரவு பிழையாக இருந்தாலும். எதிர்க்க வேண்டிய இடம் வீதி அல்ல. காரணத்தைச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை (13ஆம் உறுப்புரை). உத்தியோகத்தரின் பெயர், இலக்கம், நேரம் மூன்றையும் வீட்டார் குறித்துக்கொள்ள வேண்டும். சாதாரணக் குற்றங்களில், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இந்த எல்லை பொருந்தாது. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டு ‘சொன்னதைத்தான் எழுதியிருக்கு, சைன் வையுங்கோ’ என்பது அடிக்கடி நடக்கும் பிழை. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி. வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைக்காமல், தமிழில் பதியும்படி கேட்கலாம்.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். மீறல் நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அந்த நீதிமன்றம் இருக்கும் கொழும்பு புதுக்கடை இங்கிருந்து சுமார் 260 கிலோமீற்றர். சட்டத்தரணி தேடி, பணம் திரட்டி, ஆவணம் சேர்க்கும்போதே மாதம் போய்விடுகிறது. நல்ல வழக்குகள் இந்தத் திகதியிலேயே விழுந்துவிடுகின்றன. அதனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாட்டைப் பதிந்துவிடுங்கள். 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டப்படி, அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் எண்ணப்படாது. முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாமல் போகலாம். விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்கிறது என்று அவர்கள் தரும் கடிதத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.